பேய்க் கோப்பு

"அண்ணி, ஒரு அம்மா வந்திருக்காங்க. நல்லா அழுதிருக்காங்க. ஆனா வர்ற வழியில எங்கயோ மூஞ்சி கழுவிட்டு வந்திருக்காங்க," என்று கொழுந்தன் வாசலிலிருந்தே துப்பறிய ஆரம்பித்துவிட்டான்.

"உள்ள கூப்பிடுங்க தம்பி. மிச்சத்த அவங்களே சொல்லட்டும்," என்றார் அண்ணி.

இவனுக்கு மட்டுமல்ல, தெரிந்தவர்கள் எல்லோருக்குமே அவர் அண்ணிதான். கம்பெனிகள் எழுதும் கம்ப்யூட்டர் நிரல்களைப் படித்து, சரியாக இருந்தால் கையெழுத்துப் போடுவது அவர் தொழில். சரியாக இல்லாவிட்டால் தலைகீழாக நின்றாலும் போடமாட்டார். கைப்பையில் ஒரு சோப்பு டப்பா எப்போதும் இருக்கும். எந்த ஆபீஸிலிருந்து வெளியே வந்தாலும் முதல் வேலையாகக் கைகழுவுவார். கேட்டால் பழக்கம் என்பார். அவர் பார்த்திருக்கும் கூத்துகளுக்குக் கை கழுவினால் போதாது, தலைமுழுக வேண்டும்.

கொழுந்தன் அவருடைய கணவரின் தம்பி. போட்டோ ஸ்டூடியோ நடத்தி, அதை மூடிவிட்டு, அண்ணிக்குத் துணையாக வந்து சேர்ந்தவன். நரைக்கு மை பூசும் வயது. ஆர்வத்துக்கு மட்டும் இன்னும் வயதாகவில்லை.

வந்த பெண் கழிவுநீர் பம்புகள் செய்யும் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பம்புகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளுக்குக் கையேடு எழுதுவது அவர் வேலை. அதனால் ஆபீஸில் கையேட்டம்மா என்றே பெயர்.

"அக்கா, நாளைக்கு எங்க ஆபீஸ்ல உங்களக் கூப்பிட்டிருக்காங்க. ஒரு திருத்தத்தப் பாத்துக் கையெழுத்து போடச் சொல்லுவாங்க. நீங்க போட்டுட்டா எனக்கு ஜெயில்தான்," என்றார்.

"உக்காருங்கம்மா. முதல்ல இருந்து சொல்லுங்க."

போன மாதம் ஒரு மெக்கானிக் பம்புக் குழியின் மூடியைக் கழற்றியிருக்கிறார். உள்ளே தேங்கியிருந்த விஷவாயு முகத்தில் அடிக்க, அங்கேயே விழுந்துவிட்டார். உயிர் இருக்கிறது, நினைவு இல்லை. அவர் மனைவி தினமும் தலைவாரிவிட்டு, தான் யார் என்று அவருக்கு அறிமுகம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். கையேட்டில் எச்சரிக்கை இருந்ததா என்று போலீஸ் கேட்டது. இல்லை.

"ஆனா நான் எழுதினேன்கா. ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். ஒவ்வொரு வார்த்தையா மெக்கானிக்குங்ககிட்ட கேட்டுக் கேட்டு எழுதினது. தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்."

"அப்புறம் எப்படிக் காணாமப் போச்சு?"

கையேட்டம்மா விளக்கினார். கையேடு ஒரே கோப்பு அல்ல. ஒவ்வொரு பக்கமும் தனிக் கோப்பு. முதன்மைக் கோப்பில், 'இங்கே இந்தக் கோப்பைச் சேர்' என்று வரிசையாக வரிகள் இருக்கும். அந்த வரிகள் சொல்லும் கோப்புகள் எல்லாம் உண்மையில் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சின்ன நிரல் உண்டு. ஸ்கிரிப்ட் என்பார்கள். ஒன்று குறைந்தாலும் திரை சிவப்பாகி, கையேடு அச்சுக்குப் போகாமல் நின்றுவிடும். எல்லாம் இருந்தால் பச்சை.

"விஷவாயுப் பக்கத்தோட கோப்பு இல்ல. ஆனா ஸ்கிரிப்ட் பச்சை காட்டிருக்கு. அந்த இடத்த விட்டுட்டு மிச்சத்த அச்சடிச்சிட்டாங்க. புதுசா மாத்தின பக்கத்த மட்டும்தான் நான் படிச்சுப் பாப்பேன். மிச்சத்துக்குத்தானே ஸ்கிரிப்ட் இருக்கு? இப்ப ஸ்கிரிப்ட்ல ரொம்ப நாளா கோளாறு இருந்துச்சு, திருத்திட்டோம்கிறாங்க. கோப்ப அழிச்சது நானாம். என் பேர்லதான் அழிஞ்சிருக்கு."

"அழிச்சீங்களா?"

"பெத்த பிள்ளையக் கிணத்துல போடுவேனாக்கா?"

"அந்த ஸ்கிரிப்ட் வேலை செய்யுதான்னு நீங்க என்னிக்காவது சோதிச்சுப் பாத்ததுண்டா?" என்றார் அண்ணி.

கையேட்டம்மாவுக்கு அந்த நிலையிலும் லேசாகச் சிரிப்பு வந்தது. "தினமும் பாப்பேன். சொன்னா சிரிப்பீங்க. காலையில போனதும் முதன்மைக் கோப்புல, 'பேய் என்ற கோப்பைச் சேர்'னு ஒரு வரி போடுவேன். அப்படி ஒரு கோப்பே கிடையாது. லிஃப்ட்டுல மணி அடிக்குதான்னு அமுக்கிப் பாக்கிற மாதிரிதான். சிவப்பு வரும். 'பேய் இல்லை'ன்னு எழுதிக் காட்டும். அத அழிச்சிட்டு மறுபடி ஓட்டினா பச்சை. அப்புறம்தான் என் வேலையே தொடங்கும்."

"அச்சுக்குப் போன அன்னிக்கும்?"

"அன்னிக்கும் சிவப்பு வந்துச்சு. பேயை எடுத்ததும் பச்சை."

"இது யாருக்குத் தெரியும்?"

"யார்கிட்டயும் சொன்னதில்ல. கேலி பண்ணுவாங்க. நான் போற நேரத்துல கதவு திறந்திருக்கும், ஆனா ஆபீஸ்ல யாரும் கண்ணுல பட மாட்டாங்க. மேனேஜர் ரூம்ல மீன் தொட்டி மோட்டார் சத்தம் மட்டும் கேக்கும். பேயை அழிச்சிட்டு நான் டம்ளர் கழுவப் போயிடுவேன்."

"கம்ப்யூட்டரப் பூட்டிட்டா?"

கையேட்டம்மா தலையைக் குனிந்துகொண்டார். "இல்லக்கா."

அவர் போனதும் கொழுந்தன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "அண்ணி, பாவமாத்தான் இருக்கு. ஆனா அவங்க பேர்ல அழிஞ்சிருக்கே. தெரியாம அழிச்சிட்டு இப்ப மறந்துட்டாங்களோ?"

"நாளைக்குப் பாக்கலாம் தம்பி. சோப்பு டப்பாவுல புதுக் கட்டி ஒண்ணு எடுத்து வைங்க."

மறுநாள் அந்த ஆபீஸுக்குள் கால் வைத்ததுமே சென்ட் வாடை மூக்கைத் துளைத்தது. சாக்கடைக்குப் பம்பு செய்கிறவர்கள் அல்லவா, வாசலிலேயே மணக்க மணக்கத் தெளித்து வைத்திருந்தார்கள். சுவரில் 'பாதுகாப்பே முதல்' என்று ஒரு படம். அதில் மேனேஜர் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் நினைவில்லாமல் கிடக்கிறான் என்பதற்காக அந்தப் படத்தைக் கழற்றி வைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

நேரில் வந்த மேனேஜரும் அதே பல்லைத்தான் காட்டினார். கை ஈரமாகப் பிசுபிசுத்தது. "இப்பத்தான் மீனுக்குத் தீனி போட்டேன் மேடம்," என்று அந்தக் கையாலேயே நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார்.

அறையின் முன்சுவர் கறுப்புக் கண்ணாடி; உள்ளிருந்து வெளியே இருக்கும் மேசைகளும் திரைகளும் தெரியும், வெளியிலிருந்து உள்ளே ஒன்றும் தெரியாது. மேசைக்குப் பின்னால் பெரிய கண்ணாடித் தொட்டி. முன்பக்கக் கண்ணாடி பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் பாசி கட்டிப் போயிருந்தது. அடியில் ஒரு மீன் செத்து ஊறிக்கிடக்க, மற்றவை அதைக் கொத்திக்கொண்டிருந்தன. கொழுந்தன் ஒருமுறை பார்த்துவிட்டு, காலையில் சாப்பிட்டதை நினைத்து வருந்தினான்.

"நல்லா வளக்கிறீங்க," என்றார் அண்ணி.

"இதுங்களுக்கு நான்தான் மேடம் எல்லாம். விடிஞ்சதும் முதல் ஆளா வந்து தீனி போட்டாத்தான் எனக்கு நிம்மதி. நானே கதவத் திறந்து, இந்த ரூம்லயே உக்காந்து இதுங்க சாப்பிடறதப் பாத்துட்டு இருப்பேன். ஒரு ஈ காக்கா இருக்காது."

"ஸ்கிரிப்ட் பத்தி?"

"ஐயோ, அதுல எனக்கு ஆனா ஆவன்னா கூடத் தெரியாது. எல்லாம் இவன் பாத்துப்பான்," என்று அறை மூலையைக் காட்டினார்.

மூலையில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் உட்கார்ந்திருந்தார். நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் சதை தெரிந்தது. மதியத்துக்கு மேல்தான் வேலைக்கு வருவாராம். இன்றைக்கு அண்ணிக்காகச் சீக்கிரம் வரச் சொல்லியிருந்தார்கள். எழுந்து வந்து ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். திருத்திய வரிகள் மட்டும் அதில் அச்சாகியிருந்தன.

"பழைய ஸ்கிரிப்ட்ல, கோப்பு இல்லைன்னா எண்ணிக்கை மட்டும் ஏறும். நிறுத்தாது. அதனால எப்பவுமே பச்சைதான் வரும். இப்ப எண்ணிக்கை ஏறினாலே நின்னு சிவப்பாகற மாதிரி திருத்திருக்கேன்," என்று மனப்பாடம் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"முழு ஸ்கிரிப்ட் எங்க?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர், "திருத்தின இடத்தப் பாத்தாப் போதாதா மேடம்? கட்டுப் போட்ட இடத்த விட்டுட்டு உடம்பு பூரா பாப்பாங்களா?" என்று தானே சிரித்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உள்ளதச் சொல்லணும்னா, அந்த மெக்கானிக் கையேட்டப் பிரிச்சே பாத்திருக்க மாட்டான். இவனுங்க என்னிக்குப் படிச்சானுங்க? ஏதோ போலீஸுக்குக் காட்ட ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதான்," என்றார்.

நினைவில்லாமல் கிடப்பவனைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? கொழுந்தன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான். அண்ணியின் முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன அண்ணி, திருத்தத்துல தப்பு இருக்கா?"

"ஒரு தப்பும் இல்ல. அழகாத் திருத்திருக்கார்."

"அப்பக் கையெழுத்து?"

"தம்பி, அந்த அம்மா நேத்து என்ன சொன்னாங்க, இவர் இப்ப என்ன சொன்னார். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டு வைத்துப் பார்த்தான். "பழைய ஸ்கிரிப்ட்ல எப்பவுமே பச்சைதான் வரும்னு இவர் சொல்றார். தினமும் காலையில சிவப்பு வந்துச்சுன்னு அந்த அம்மா சொல்றாங்க. யாரோ ஒருத்தர் புளுகறாங்க!"

"சரி. அந்த அம்மா புளுகலைன்னு வச்சுக்குவோம். அப்ப பேய்க்குச் சிவப்பு வந்திருக்கு. அதே காலையில விஷவாயுப் பக்கத்துக்குப் பச்சை வந்திருக்கு. ரெண்டு கோப்புமே இல்ல. எப்படி ஒண்ணுக்குக் கத்தி இன்னொண்ணுக்குச் சும்மா இருக்கும்?"

"அதானே!" என்றான் கொழுந்தன்.

"எல்லாரையும் கூப்பிடுங்க. அந்த அம்மாவையும்தான். திருத்தத்த எனக்கு ஓட்டிக் காட்டட்டும்," என்றார் அண்ணி.

மேனேஜர் அறையிலேயே கூடினார்கள். சுவரில் பெரிய திரை. கையேட்டம்மா கதவோரம் நின்றார். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கொழுந்தன்தான் தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிக் கொடுத்தான்.

"இல்லாத கோப்பு ஒண்ணச் சேர்த்து ஓட்டிக் காட்டுங்க," என்றார் அண்ணி.

ஸ்கிரிப்ட்காரர் விசைப்பலகைமேல் கையை வைத்துத் தயங்கினார். மேனேஜர் பொறுமையில்லாமல், "என்னப்பா முழிக்கிற? அதான் அந்தப் பேய் இருக்கே, அதப் போடு," என்றார்.

போட்டார். திரை செக்கச் செவேலென்று ஆனது. 'பேய் இல்லை.' மேனேஜர் கைதட்டினார். "பாத்தீங்களா மேடம்! கல்லு மாதிரி நிக்குது."

கையேட்டம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தன் காலை விளையாட்டு இந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசிக்கிறார் என்பது அண்ணிக்குப் புரிந்தது.

"ரொம்ப நல்லது. இப்ப வேற பேர் ஏதாவது போடலாம். தம்பி, வாய்க்கு வந்த பேரு ஒண்ணு சொல்லுங்க," என்றார்.

"செருப்பு," என்றான் கொழுந்தன், மேனேஜரைப் பார்த்துக்கொண்டே.

"செருப்பு என்ற கோப்பைச் சேர்னு போடுங்க," என்றார் அண்ணி.

ஸ்கிரிப்ட்காரரின் விரல்கள் நகரவில்லை. அண்ணி எழுந்து போய்த் தானே தட்டினார். திரை பச்சையானது. அந்தக் கம்பெனியின் கையேட்டில் செருப்பு பத்திரமாக இருக்கிறதாம்.



"இது கோளாறு இல்ல," என்றார் அண்ணி. குரல் ஏறவே இல்லை. "கோளாறா இருந்தா பேய்க்கும் பச்சைதான் வந்திருக்கும். மறுநாள் காலையிலயே இந்த அம்மா கண்டுபிடிச்சிருப்பாங்க. சோதிக்கும்போது மட்டும் ஒழுங்கா இருக்கணும், மத்த நேரம் கண்ண மூடிக்கணும்னு யாரோ உக்காந்து யோசிச்சு எழுதிருக்காங்க. காணாத கோப்போட பேர் பேய்னு இருந்தா மட்டும் எண்ணு, மத்தத எண்ணாதே. உங்க திருத்தம் எண்ணினதுக்கு அப்புறம் நடக்கிறதத் திருத்துது. எண்ணுற இடம் எனக்குக் குடுத்த தாள்லயே இல்ல. இல்லாத வியாதிக்கு மருந்து குடுத்திருக்கீங்க, இருக்கிற புண்ண மூடி வச்சிருக்கீங்க."

"இவன்தான்! ஸ்கிரிப்ட் எழுதினவன் இவன்தான்!" என்று மேனேஜர் கையை நீட்டினார்.

"எழுதினது அவர்தான். ஆனா அவர் மதியத்துக்கு மேல வர்றவர். பேய் நடமாடறது விடியக்காலையில. அந்த நேரத்துல கதவத் திறக்கிறது நீங்க. இந்தக் கறுப்புக் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால மீனோட உக்காந்து அந்த அம்மாவோட திரையப் பாக்க முடிஞ்சதும் நீங்க ஒருத்தர்தான். அவங்க டம்ளர் கழுவப் போனப்ப, திறந்து கிடந்த கம்ப்யூட்டர்ல அவங்க பேர்லயே கோப்ப அழிச்சீங்க. 'இங்கே சேர்' வரிய மட்டும் தொடல. தொட்டிருந்தா, தினமும் அந்த முதன்மைக் கோப்பத் திறக்கிறவங்க கண்டுபிடிச்சிருப்பாங்க. வரி இருந்து கோப்பு இல்லைன்னா ஸ்கிரிப்ட் கத்தும். அதனால அது வாயக் கட்டச் சொன்னீங்க. ஆனா ஆவன்னா தெரியாதவர், இப்ப எல்லாருக்கும் முன்னால பேயப் பேர் சொல்லிக் கூப்பிட்டீங்களே சார்?"

ஸ்கிரிப்ட்காரர் அழ ஆரம்பித்தார். "பேய்க்கு மட்டும் சிவப்பு வரட்டும்னு சார் சொன்னார். ஏன்னு நான் கேக்கல. சொன்னாங்க, செஞ்சேன்."

"ஏன்னு கேக்கலயா?" என்றார் கையேட்டம்மா. முதல் தடவையாக அவர் குரல் அந்த அறையில் கேட்டது. "அது எந்தப் பக்கம்னு தெரியுமில்ல உனக்கு? படிச்சிருக்கல்ல நீ? சீ!"

ஸ்கிரிப்ட்காரர் மீதியிருந்த நகத்தையும் கடித்தார்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வெட்கப்படுவார் என்று கொழுந்தன் எதிர்பார்த்தான். அந்த மனிதர் வியாபாரம் பேசினார். "மேடம், யதார்த்தமாப் பேசுவோம். மூடியத் திறக்க ரெண்டு ஆள் வேணும், வாயு மீட்டர் வேணும்னு அந்தப் பக்கத்துல இருக்கு. சின்ன பம்பு வாங்கறவங்க, இதெல்லாம் இருந்தா எங்களுக்குக் கட்டுப்படியாகாது, வேணாம்னு போயிடறாங்க. ஒரே ஒரு பக்கம்தானே? மிச்சம் பூரா அப்படியேதானே இருக்கு?"

ஒரே ஒரு பக்கம்தான். அது இல்லாததால் ஒருத்தி தன் புருஷனுக்குத் தன்னையே அறிமுகம் செய்துகொண்டிருக்கிறாள். ஒரே பக்கம்தானே என்று கேட்ட வாய் உடனே தண்ணீர் குடித்தது, உதட்டைத் துடைத்துக்கொண்டது. அருவருப்பு என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் கொழுந்தனுக்கு முழு அர்த்தமும் விளங்கியது.

"எல்லாச் சின்ன பம்புக்குமா?" என்றார் அண்ணி.

மேனேஜர் மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு அதுதான் உறுத்திச்சு. பழச மறைச்சது சரி, திருத்தத்துலயும் ஏன் அதே தில்லுமுல்லு? ஸ்கிரிப்ட நிஜமாவே திருத்தினா இன்னிக்கே அது கத்தணும். கத்த இன்னும் விஷயம் இருக்கு." அண்ணி ஸ்கிரிப்ட்காரரிடம் திரும்பினார். "அழுதது போதும். 'பேய்னா மட்டும் எண்ணு'ங்கிற வரிய எடுத்துட்டு எல்லாக் கையேட்டையும் ஓட்டுங்க."

எடுத்தார். ஓட்டினார். திரையில் சிவப்பு வந்தது. அதன்கீழ் இன்னொரு சிவப்பு. சின்ன பம்புகளின் கையேடு ஒவ்வொன்றிலும் காணாமல் போனது அதே பக்கம்தான். அந்தக் கையேடுகள் எல்லாம் ஏற்கெனவே பம்பு நிலையங்களில் இருந்தன. ஓர் ஆள் தனியாகப் போய், கையில் மீட்டர் இல்லாமல், மூடியில் ஸ்பேனரை வைக்கிற இடங்களில்.

கொழுந்தன் அண்ணியின் பையிலிருந்து சோப்பு டப்பாவை எடுத்து நீட்டினான். "அண்ணி, இதுக்கு மேல இங்க மூச்சு விட முடியல. போயிடலாம்."

"கை அப்புறம் கழுவிக்கலாம் தம்பி. போலீஸுக்குப் போன் போடுங்க. போட்டுட்டு நிலையங்களோட நம்பரெல்லாம் வாங்கிட்டு வாங்க."

ஆனால் கையேட்டம்மா அதற்குள் மேனேஜரின் மேசையிலிருந்த போனை எடுத்து, தனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரு நிலையத்தின் எண்ணை அழுத்திவிட்டார். மேனேஜர் தடுக்கக் கை நீட்டினார். கொழுந்தன் அந்தக் கையைப் பிடித்து, பிசுபிசுப்பையும் பொருட்படுத்தாமல், மேசைமேலேயே அழுத்தி வைத்துக்கொண்டான்.

"ஹலோ, பம்பு நிலையமா? நான் கம்பெனியிலேருந்து பேசறேன்."

"சத்தமாப் பேசுங்கம்மா. இங்க ஒருத்தன் மூடியக் கழட்டிட்டு இருக்கான், ஒண்ணும் கேக்கல," என்றது மறுமுனை.

"நிறுத்துங்க!" கையேட்டம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "கழட்டாதீங்க! அந்த ஆள உடனே தள்ளி வரச் சொல்லுங்க! ஓடுங்க!"

மறுமுனையில் யாரோ கத்துவது கேட்டது. இரும்பு ஏதோ தரையில் விழுந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. கையேட்டம்மா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வந்துட்டான்மா. நல்லாத்தான் இருக்கான், உங்களத் திட்டிட்டு இருக்கான்," என்றது அந்தக் குரல். "என்ன விஷயம்? கையேட்டுல ஒண்ணும் போடலையே?"

"போட்டிருந்தேங்க," என்றார் கையேட்டம்மா. கண்ணை மூடிக்கொண்டு, காணாமல் போன பக்கத்தை முதல் வரியிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

"எழுதிக்குங்க. மூடியைத் திறக்கும்போது, ஒருபோதும் தனியாக நிற்காதீர்கள்."